அமெரிக்காவில் எந்த நகரங்களைக் காண்பது?

ஐக்கிய அமெரிக்காவுக்குப் பிரயாணமாகும் அன்பர்கள் சிலர், புறப்படுமுன் தாம் காண விரும்பும் நகரங்களின் பட்டியலொன்றை எழுதி அனுப்பி எமது அபிப்பிராயத்தைக் கேட்பதுண்டு. அண்மையில் அவ்வாறு வந்த பட்டியலில் ஒன்பது நகரங்கள் இருந்தன: நியூயோர்க், வாஷிங்டன், மயாமி, ஓர்லண்டோ, சிக்காகோ, லாஸ் வேகாஸ், லொஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில். கைவசமுள்ள நாட்களோ பதினான்கு. அனுப்பியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். உடன் செல்பவர் அவருடைய மனைவியார். படியேறினால் அவருக்கு முழங்கால் நோகும் என்பதையும் கடிதத்திலேயே குறித்திருக்கிறார். செலவாகப்போவது பல வருடங்களாக ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணம். "இன்னொரு முறை போகக் கிடைக்குமோ தெரியாது, ஆகையால் ஒன்றையும் விடாமற் பார்த்துவிட எண்ணுகிறோம்" என்பது அவர் கூறும் நியாயம்.

பட்டியலைக் குறுக்குவதற்கும் அதுவே நியாயம் என்பது எமது கருத்து. ஒன்பது நகரங்களென்றால் நகருக்கு நகர் செல்ல எட்டுப் பிரயாணங்கள். ஆகாய விமானத்தில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று சீட்டிற் போட்டிருக்கும். ஆனால் விடுதியை விட்டுப் புறப்பட்டு, விமான நிலையம் சேர்ந்து, சோதனைக்கு வரிசையில் நின்று, காத்திருந்து பறந்து, இறங்கிப் பெட்டியைப் பொறுக்கி, புதிய விடுதியைத் தேடிச் சேரும்போது பகற்பொழுதிற் பெரும்பகுதி கழிந்துவிடும். பதினான்கில் எட்டைக் கழித்தால் ஆறு. ஒன்பது நகரங்களுக்கு ஆறு நாட்கள்! திரும்பி வந்தபின் விமான நிலையத்து நாற்காலிகளே நினைவில் நிற்கும்.

நம்மவரை மயக்குவது தூரம். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை இலங்கைத் தீவின் நீளம் ஏறக்குறைய 270 மைல். நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 2,450 மைல். ஒன்பது இலங்கைகளை நீளவாக்கில் அடுக்கினாலொத்தது. ஒன்றில் காலை ஒன்பது மணியானால் மற்றதில் ஆறு மணி. ஒரே நாடென்ற பெயர்ப் பொருத்தம் ஒன்றைக்கொண்டு இவ்விரண்டையும் ஒரு சிறு பிரயாணத்திற் சேர்ப்பது, கொழும்பையும் ஹொங்கொங்கையும் ஒரே மூச்சிற் பார்த்துவருவதை ஒக்கும்.

ஒரு நகரைத் தேர்வதற்கு நாம் இரண்டு கேள்விகளையே கேட்போம். மோட்டார் வண்டி இல்லாமல் அந்நகரிற் காலாற நடந்தும் பொதுவண்டிகளில் ஏறியும் திரிய இயலுமா? படங்களிற் கண்டதைத் தவிர, அங்கே போய்க் காண்பதற்கு நமக்கென்று யாதேனும் உண்டா?

முதற் கேள்வியிலேயே பாதிப் பட்டியல் போய்விடுகிறது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நிலப்பரப்பு ஏறத்தாழ 470 சதுர மைல். யாழ்ப்பாண மாவட்டத்தினும் பெரிது. அங்கே பஸ்ஸும் புகையிரதமும் இல்லாமலில்லை. எனினும் அந்நகர் மோட்டார் வண்டிக்காரர்க்கென்றே விரிந்து வளர்ந்தது. வண்டியோட்டும் உறவினர் ஒருவர் அங்கே இருந்தால் போகலாம். இல்லையேல் பணம் வாடகை வண்டிக்கும் நேரம் நெரிசலுக்கும் போகும். 2028ல் ஒலிம்பிக் விளையாட்டு அங்கே நடைபெறவிருப்பதால், அவ்வாண்டுக் கோடையில் விடுதி தேடுவோர் இரட்டிப்பு எச்சரிக்கையாயிருக்க வேண்டும். ஓர்லண்டோவும் மயாமியும் அவ்வகையினவே. லாஸ் வேகாஸ், 1931ல் நெவாடா இராச்சியம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியதால் பாலைவனத்திற் பெருத்த நகர். அதன் அருகே கிராண்ட் கன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கு இருப்பதாக எண்ணிப் பலர் அங்கே இறங்குகிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் தென்விளிம்புக்கு லாஸ் வேகாஸிலிருந்து 280 மைல் தரைவழிப் பிரயாணம் உண்டு என்பதை அங்கே போனபிறகுதான் அறிகிறார்கள்.

இனி, எதைச் சேர்ப்பது? கிழக்குக் கரையில் பொஸ்டன், நியூயோர்க், பிலடெல்பியா, வாஷிங்டன் ஆகிய நான்கு நகரங்களும் ஒரே புகையிரதப் பாதையில் அமைந்திருக்கின்றன. பாதையின் முழு நீளம் 457 மைல். பொஸ்டனிலிருந்து நியூயோர்க்குக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். அங்கிருந்து பிலடெல்பியாவுக்கு ஒன்றரை. பின்னர் வாஷிங்டனுக்கு இரண்டு. நிலையங்கள் நகரத்தின் நடுவிலேயே இருப்பதால் விமான நிலைய அலைச்சல் இல்லை. பிரயாணச் சீட்டை முன்கூட்டியே வாங்குவோர்க்கு விலையும் குறைவு. முதன்முறை செல்லும் குடும்பத்துக்கு இந்த நான்குமே போதும்.

நியூயோர்க்கைத் தவிர்க்கும்படி சொல்ல எமக்குத் துணிவில்லை. ஆயினும் அங்கே செல்வோர் செய்யும் செலவிற் கணிசமானது வீண். 1886ல் நிறுவப்பட்ட சுதந்திர தேவியின் சிலையைத் தூரத்திலிருந்து கண்டாற் போதுமென்போர்க்கு, மன்ஹாட்டனின் தென்கோடியிலிருந்து ஸ்டற்றன் தீவுக்கு இரவு பகலாக ஓடும் பொதுப் படகு இருக்கிறது. அதற்குக் கட்டணமே இல்லை. ஐந்து மைல் நீர்வழி. இருபத்தைந்து நிமிடப் பிரயாணம். போகும்போது வலப்புறத்தில் சிலை தோன்றும். பின்னே திரும்பிப் பார்த்தால் வானளாவிய மாடங்கள் மெல்லச் சிறுத்துச் செல்லும். மறுகரையில் இறங்கிச் சற்றுத் தூரம் நடந்தால் இலங்கையர் நடத்தும் உணவுச்சாலைகளும் கடைகளும் உள்ள பகுதி வரும். பல நாள் பாணுடன் போராடியவர்களுக்கு அங்கே கிடைக்கும் சோறும் கறியும் எவ்வளவு ருசிக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கட்டணப் படகில் ஏறுவதாயின் எல்லிஸ் தீவுக்காகவே ஏற வேண்டும். அப்படகு முதலிற் சிலையிருக்கும் தீவுக்கும் பின்னர் எல்லிஸ் தீவுக்கும் செல்கிறது. நம்மவரிற் பலர் முதல் தீவில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, இரண்டாவதில் இறங்காமலே திரும்பிவிடுகிறார்கள். 1892 முதல் 1954 வரை குடியேற வந்த ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் அத்தீவின் சோதனை நிலையத்தைக் கடந்தே அமெரிக்காவுட் புகுந்தனர். படியேறி வருவோரை வைத்தியர்கள் கூர்ந்து நோக்கி, நோய்க்குறி தென்பட்டவரின் மேலங்கியிற் சுண்ணக்கட்டியால் ஓரெழுத்தை எழுதிவிடுவர். அவ்வெழுத்து விழுந்தவர் தனியே நிறுத்தப்பட்டார். ஒரே குடும்பத்திற் சிலர் உள்ளே போக, ஒருவர் மட்டும் வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதும் உண்டு. அவர்கள் காத்திருந்த பெரிய மண்டபம் இன்று நூதனசாலையாக இருக்கிறது. பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுக் கடிதத்துக்கும் தொலைபேசிக்கும் காத்திருந்த பெற்றோர் நம்மிடையே பலர். அவர்கள் அந்த மண்டபத்து வாங்கில் அமர்ந்தால் எளிதில் எழுந்திரார்.

குயீன்ஸ் பகுதியில் பிளஷிங் என்னுமிடத்திற் கணபதி ஆலயமொன்று உண்டு. 1977ம் ஆண்டு ஜூலை 4ந் திகதி, அமெரிக்கரின் சுதந்திர தினத்தன்று, அதற்குக் கும்பாபிஷேகம் நடந்தது. நிலக்கீழ் மண்டபத்திற் தோசை விற்கிறார்கள். ஆலயம் அமைந்த பௌன் வீதிக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஒல்லாந்தர் அவ்வூரை ஆண்டபோது, குவேக்கர் என்னும் கிறிஸ்தவ வகுப்பினர் வழிபாடு நடத்தத் தமது வீட்டை அளித்ததற்காக 1662ல் சிறைப்பட்டவர் ஜோன் பௌன். அவர் பெயரைக் கொண்ட தெருவிலே இன்று பிள்ளையார் வீற்றிருக்கிறார்.

பிள்ளைகளுடன் செல்வோர் இயற்கை வரலாற்று நூதனசாலையில் 94 அடி நீளமான நீலத் திமிங்கில உருவத்தைக் காட்டத் தவறக்கூடாது. மன்ஹாட்டனில் விடுதி வாடகை கடுமையானது. ஹட்சன் நதிக்கு அப்பால் ஜேர்சி சிற்றியிற் தங்கினால், நதிக்கடியால் ஓடும் புகையிரதத்தில் இரவு எந்நேரமும் திரும்பலாம். அறைக்குச் சொல்லும் விலையின்மேல் வரி தனியே ஏறும் என்பதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்க.

நம்மவர் பட்டியல்களில் அநியாயமாக விடுபடும் நகர் பிலடெல்பியா. 1776ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டதும், 1787ல் அந்நாட்டின் அரசியல் யாப்பு வரையப்பட்டதும் அங்கே, ஒரே மண்டபத்தில். செங்கல்லாற் கட்டிய அந்த மண்டபம் நம்மூர்ப் பழைய கச்சேரி ஒன்றிலும் பெரிதன்று. உட்செல்ல நேரங்குறித்த சீட்டை முன்னரே பெறவேண்டும். எதிரே வெடிப்பு விழுந்த சுதந்திர மணி. மாணவர்கள் இதைக் கண்டால், சரித்திர பாடத்திற் படித்த அமெரிக்கப் புரட்சிக்கு ஒரு முகவரி கிடைத்துவிடும்.

தமிழர் பிலடெல்பியாவுக்குச் செல்ல வேறொரு காரணமும் உண்டு. அந்நகரின் கலை நூதனசாலையில், மாடியிலே, மதுரைக் கோயில் மண்டபமொன்று முழுமையாக நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டிற் செதுக்கப்பட்ட கருங்கற்றூண்கள். மதுரை மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்தவை எனக் கொள்ளப்படும் அக்கற்கள் குவியலாகக் கிடந்தபோது, 1912ல் மதுரைக்குச் சென்ற அடலின் பெப்பர் கிப்சன் என்னும் பிலடெல்பியா மாது அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். அவர் மறைந்தபின் 1919ல் குடும்பத்தார் அவர் நினைவாக நூதனசாலைக்கு அளித்தனர். தூண்களில் யாளிகளும் வீரர்களும் தெய்வ வடிவங்களும் நிற்கின்றன. விளக்கில்லை, எண்ணெய் மணமில்லை, மணியோசையில்லை. அதைக் கண்டு பெருமைப்படுவதா, கோயிலிலிருந்து பெயர்ந்து வந்ததை எண்ணி வருந்துவதா என்று ஒருவர்க்கொருவர் வாதிட்டுக்கொண்டே வெளியேறும் குடும்பங்கள் உண்டு. வாதிடட்டும், அந்த வாதத்துக்காகவாவது போகவேண்டும். நூதனசாலையின் முன்புறத்தில் 72 படிகள். 1976ல் வந்த ரொக்கி என்னும் படத்தில் குத்துச்சண்டை வீரன் ஓடியேறியவை அவை. பின்புறத்திற் படியேறாமல் உட்செல்லும் வாயிலும் உண்டென்பதை எமது ஆசிரிய நண்பர் குறித்துக்கொள்ளவும்.

பொஸ்டன் நகருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. 1815ம் ஆண்டு அந்நகருக்கு வடக்கேயுள்ள நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அமெரிக்க மிஷனரிமார் 1816ல் கொழும்பை அடைந்து, அதன்பின் யாழ்ப்பாணம் சென்று தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாடசாலைகள் தொடங்கினர். அவர்களை அனுப்பிய சபையின் தலைமை நிலையம் பொஸ்டனிலேயே இருந்தது. 1823ல் எழுந்த வட்டுக்கோட்டைச் செமினறி, 1824ல் எழுந்த உடுவில் மகளிர் பாடசாலை, 1841ல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை யாவற்றுக்கும் வேர் அங்கே. மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, வைத்திய நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் கிறீன் பிறந்ததும் 1884ல் மறைந்ததும் பொஸ்டனுக்கு மேற்கே சுமார் 45 மைல் தொலைவிலுள்ள வூஸ்டர் நகரிலேதான். மானிப்பாயில் வைத்தியம் பெற்ற குடும்பங்களின் வழிவந்தவர்கள் ஒரு பகற்பொழுதில் அங்கே போய்வரலாம், புகையிரதம் உண்டு.

அந்நகரின் நுண்கலை நூதனசாலையும் நமக்கு அந்நியமன்று. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1917 முதல் 1947ல் மறையும் வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே பணியாற்றி, அதன் இந்தியக் கலைப் பகுதியை உருவாக்கினார். அவர் சேகரித்த சித்திரங்களும் சிற்பங்களுமே அப்பகுதிக்கு அத்திவாரம். மற்றபடி பொஸ்டன் நடப்பதற்கென்றே அமைந்த ஊர். புரட்சிக் காலத்து இடங்களையெல்லாம் இணைத்து, நடைபாதையிற் செங்கோடு ஒன்று இரண்டரை மைல் நீளத்துக்கு இடப்பட்டிருக்கிறது. கோட்டைப் பின்பற்றினால் வழிகாட்டி வேண்டியதில்லை. நதிக்கு அப்பால் கேம்பிரிட்ஜில், 1636ல் நிறுவப்பட்ட ஹார்வர்ட் சர்வகலாசாலை. மேற்படிப்பை எண்ணும் மாணவர்கள் அந்த முற்றத்தில் ஒருமுறை நடந்து வரட்டும்.

வாஷிங்டனைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பணம் குறைந்த குடும்பத்துக்கு அதற்கு நிகரான தலைநகர் உலகில் அரிது. ஸ்மித்சோனியன் நூதனசாலைகள் அனைத்துக்கும் அங்கே அனுமதி இலவசம். தமது வாழ்நாளில் அமெரிக்காவைக் கண்டறியாத ஜேம்ஸ் ஸ்மித்சன் என்னும் ஆங்கிலேயர் எழுதிவைத்த மரணசாதனத்தின் பயனாக 1846ல் அந்நிறுவனம் எழுந்தது. ரைட் சகோதரர் 1903ல் பறந்த விமானத்தையும் அங்கே காணலாம். செம்பியன் மாதேவியின் சாயலில் வார்க்கப்பட்டதென அறிஞர் சிலர் கருதும் சோழர்காலச் செப்புத் திருமேனியையும் காணலாம். பாராளுமன்றக் கட்டடத்திலிருந்து லிங்கன் நினைவாலயம் வரை இரண்டு மைல் வெளி. முழங்கால் நோவுள்ளவர் அதை ஒரே நாளில் நடக்க முயலவேண்டாம். நூதனசாலைகளில் உள்ளே சுற்றிப் பார்க்கச் சக்கர நாற்காலி இலவசமாகக் கொடுப்பார்கள், கேட்க வெட்கப்படலாகாது.

மூன்று வாரம் உள்ளவர்கள் ஐந்தாவது நகராக எதைச் சேர்ப்பது? எமது வாக்கு சிக்காகோவுக்கே. 1871ல் பெருந்தீயில் வெந்த நகர், 1885ல் உலோகச் சட்டத்தின்மேல் பத்து மாடிக் கட்டடத்தை எழுப்பி, வானளாவிய மாடங்களுக்கு வழி காட்டியது. அக்கட்டடம் 1931ல் இடிக்கப்பட்டுவிட்டது. அதன் வழிவந்தவற்றை ஆற்றுப் படகில் அமர்ந்தபடியே பார்க்கலாம். அந்த ஆறும் ஒரு விந்தை. கழிவுநீர் ஏரியிற் கலந்து குடிநீர் கெடாதிருக்க, 1900ல் ஆற்றின் ஓட்டத்தையே எதிர்த்திசைக்குத் திருப்பினார்கள். 1974ல் முடிந்து, 1998 வரை உலகின் அதியுயர் கட்டடமாக விளங்கிய 1,450 அடி உயரக் கோபுரத்தின் கட்டமைப்பை வகுத்த பொறியியலாளர் பஸ்லுர் ரஹ்மான் கான் டாக்காவிற் பிறந்தவர். பொறியியல் கற்கும் மாணவர்க்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும். 1893ல் சர்வமத மகாசபை கூடியதும் அந்நகரிலேதான். விவேகானந்தரும், கொழும்பிலிருந்து சென்ற அநகாரிக தர்மபாலரும் உரையாற்றிய அக்கட்டடம் இன்று ஓவியக் கலாசாலையும் நூதனசாலையுமாக இருக்கிறது. அங்கே பேசிய விவேகானந்தர் 1897ல் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கும் வந்து பேசினார் என்பதை நம் பாட்டனார் தலைமுறை மறக்கவில்லை. மார்கழி, தை மாதங்களில் மட்டும் சிக்காகோ வேண்டாம். அந்தக் குளிர் விளையாட்டன்று.

சங்கீதத்திலும் சாப்பாட்டிலும் பற்றுள்ளவர்கள் சிக்காகோவுக்குப் பதிலாக நியூ ஓர்லியன்ஸ் செல்லலாம். பிரெஞ்சுக்காரர் 1718ல் நிறுவிய நகர். ஜாஸ் இசைக்குத் தாயகம். இறால், நண்டு, வெண்டிக்காய் சேர்த்துச் சோற்றின்மேல் ஊற்றும் கம்போ என்னும் குழம்பை நம்மவர் அந்நியமாகக் கருதார். 2005ல் கத்ரீனா புயலால் நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கிற்று. ஆனி முதல் கார்த்திகை வரை புயற்காலம். இரண்டு நகரையும் காண விரும்பும் இளைஞர்க்கு, இரண்டையும் இணைக்கும் இரவுப் புகையிரதம் உண்டு. 1922ல் லூயி ஆம்ஸ்ட்ரோங் தமது ஊதுகுழலுடன் நியூ ஓர்லியன்ஸை விட்டுச் சிக்காகோவுக்குப் போனதும் புகையிரதத்திலேதான்.

சான் பிரான்சிஸ்கோ அழகிய நகர்தான். ஆனால் அதற்கெனத் தனிப் பிரயாணம் வேண்டும். ஓகஸ்ட் விடுமுறையிற் செல்வோர் கம்பளிச் சட்டை கொண்டு போகவும். கோடையில் அங்கே பனிமூட்டம் சூழ்ந்து நுவரெலியாக் குளிர் அடிக்கும்.

கனடாவில் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர், டொரொண்டோவிலிருந்து நயாகரா வழியாக நியூயோர்க்குக்குத் தரைவழியே வரலாம். ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர் அமெரிக்க விசாவைத் தனியே பெற்றிருக்க வேண்டும்; கனடா விசா அதற்கு உதவாது. எங்கே சென்றாலும் வைத்தியக் காப்புறுதி இல்லாமற் புறப்படலாகாது.

ஆசிரிய நண்பருக்கு நாம் வகுக்கும் கணக்கு இது: பொஸ்டனில் மூன்று நாள், நியூயோர்க்கில் ஐந்து, பிலடெல்பியாவில் இரண்டு, வாஷிங்டனில் மூன்று. எஞ்சும் ஒரு நாள் களைப்பாறுவதற்கு. ஒக்டோபரிற் போவதாயின் பொஸ்டனிற் தொடங்கித் தெற்கே இறங்கவேண்டும். மேப்பிள் இலைகள் சிவந்திருக்கும், குளிரும் பின்னாலேயே வரும். வசந்தத்திற் போவதாயின் வாஷிங்டனிற் தொடங்கி வடக்கே ஏறவேண்டும். 1912ல் டோக்கியோ நகரத்தார் அன்பளித்த செர்ரி மரங்கள் பங்குனிக் கடைசியிற் பூக்கும். ஆளுக்கு ஒரு பெட்டி போதும். புகையிரதத்தில் அதை ஏற்றி இறக்குபவர் நாமேயன்றி வேறெவருமிலர்.